மண்ணிடம் கேட்கக் கற்றுக்கொள்வோம்

(வேதபூமிக்குக் கல்விப் பயணம் செல்லவிருக்கும் கல்லூரி மாணவர்களுக்காக நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வேதாகமத்தில் வரும் ஊர்களையும் அகழாய்வு நடந்த இடங்களையும் மாணவர்கள் குழுவாகச் சென்று பார்ப்பதால் என்ன பயன், அந்தப் பயணம் எப்படி அமைய வேண்டும் என்பது பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

இன்று எருசலேமுக்குப் போவது அபூர்வமான காரியம் இல்லை. செய்தித்தாளைத் திறந்தால் விளம்பரம். பத்து நாள், எகிப்து, இஸ்ரேல், யோர்தான். தமிழ்நாடு அரசே கிறிஸ்தவர்களின் எருசலேம் பயணத்துக்கு மானியம் வழங்குகிறது. போய் வந்தவர்கள் யோர்தான் தண்ணீரைப் புட்டியில் அடைத்துக் கொண்டுவருகிறார்கள். ஒலிவ மரச் சிலுவை வாங்கி வருகிறார்கள். ஆலயத்தில் எழுந்து நின்று கண்கலங்கச் சாட்சி சொல்கிறார்கள். அந்தப் பக்தியை நான் மதிக்கிறேன், தலை வணங்குகிறேன்.

ஆனால் மாணவர் போகும் பயணத்துக்கு இன்னொரு கடமையும் உண்டு. பக்தர் கும்பிடப் போகிறார். மாணவர் கும்பிடலாம், கூடவே கேட்கவும் வேண்டும். கேட்காமல் திரும்பினால் அது கல்விப் பயணம் ஆகாது. ஒரே நாளில் ஐந்து இடம், இடத்துக்கு இருபது நிமிடம், பத்துப் படம், அடுத்த பேருந்து என்று ஓடினால் எந்த இடம்தான் வாய் திறந்து பேசும்?

ஆகவே உங்களிடம் நான்கு கேள்விகளைக் கொடுத்தனுப்ப விரும்புகிறேன். எந்த ஊரில் இறங்கினாலும் இந்த நான்கையும் கேளுங்கள். தண்ணீர் எங்கே? காலுக்குக் கீழே என்ன? இது எப்படித் தெரிந்தது? இன்று இங்கே வாழ்பவர் யார்? நான்கும் எளிய கேள்விகள். ஆனால் இந்த நான்கையும் விடாமல் கேட்பவருக்கு, வேதம் ஒரு சாட்சியாகவும் மண் இன்னொரு சாட்சியாகவும் தெரியத் தொடங்கும். இரண்டு சாட்சிகளையும் தனித்தனியே முழுமையாகக் கேட்க வேண்டும். கேட்டு முடிக்கும்வரை தீர்ப்புச் சொல்லக் கூடாது. நான் இன்று சொல்ல வந்தது இது ஒன்றுதான்.

முதல் கேள்வி. தண்ணீர் எங்கே?

எருசலேமில் கால் வைத்ததும் கண் மதிலுக்குப் போகும். பொன்னிறக் குவிமாடத்துக்குப் போகும். மாணவரே, நீங்கள் முதலில் ஊற்றைத் தேடுங்கள். அது மலைமேல் அமைந்த ஊர். பக்கத்தில் பெரிய ஆறு கிடையாது. கோடையில் மாதக்கணக்கில் மழை கிடையாது. அப்படிப்பட்ட இடத்தில் ஓர் ஊர் எப்படி நிலைத்தது? கீதரோன் பள்ளத்தாக்கின் ஓரத்தில் கீகோன் என்ற ஊற்று இருக்கிறது. தாவீதின் நகரம் என்று வேதம் சொல்லும் பழைய எருசலேம், அந்த ஊற்றுக்கு நேர் மேலே உள்ள ஒடுங்கிய மலைமுதுகில் இருந்தது. ஊற்று இருந்த இடத்தில் ஊர் இருந்தது. இவ்வளவு சின்ன விஷயம் வகுப்பறையில் நம் மனத்தில் பதிவதில்லை. அங்கே படியிறங்கும்போது முழங்கால் அதைச் சொல்லிக் கொடுத்துவிடும்.

கி.மு. 8ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகள். யூதாவின் அரசன் எசேக்கியா. வடக்கே இஸ்ரவேல் அரசு அசீரியரிடம் வீழ்ந்துவிட்டது. அடுத்து நம் முறை என்று எருசலேமுக்குத் தெரியும். ஊற்றோ பள்ளத்தாக்கில் இருக்கிறது. முற்றுகை நாளில் தண்ணீர் நமக்கா, எதிரிக்கா? எசேக்கியா ஊற்றின் நீரைத் திருப்பி நகரத்துக்குள் கொண்டுவந்தான் என்று இராஜாக்கள் புத்தகமும் நாளாகமமும் சொல்கின்றன. வேதம் அதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறது. அந்த ஒரு வரியின் நீளம் 533 மீட்டர்!

ஆம், பாறைக்குள்ளே 533 மீட்டர். இன்றும் அதில் நடக்கலாம். நானும் மாணவர்களோடு நடந்திருக்கிறேன். கையில் விளக்கு, காலில் குளிர்ந்த தண்ணீர். சில இடங்களில் இரண்டு தோளும் பாறையில் உரசும். சில இடங்களில் குனிந்துதான் போக வேண்டும். சுவரில் உளித் தடங்கள் அப்படியே இருக்கின்றன. பாதி தூரம் போனதும் ஒரு மாணவி நின்றுவிட்டாள். “ஐயா, இதுவரைக்கும் உளி ஒரு பக்கமாகப் போகிறது. இங்கேயிருந்து எதிர்ப் பக்கமாக வருகிறதே” என்றாள். அவள் கண்டது சரி. ஊற்றின் பக்கமிருந்து ஒரு குழுவும் சீலோவாம் குளத்தின் பக்கமிருந்து இன்னொரு குழுவும் வெட்டிக்கொண்டே வந்து, மலையின் வயிற்றுக்குள் சந்தித்த இடம் அது. சந்திக்கும் இடத்துக்கு அருகில் சுரங்கம் வளைகிறது, தடுமாறுகிறது, திசை திருத்திக்கொள்கிறது. இத்தனை வளைவுக்கும் நடுவே, ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் உள்ள சரிவு ஏறக்குறைய 30 சென்டிமீட்டர்தான். திசைகாட்டி இல்லாத காலத்தில் செய்த வேலை!

இதை அந்தத் தொழிலாளர்களே எழுதிவைத்தது போன்ற ஒரு கல்வெட்டும் கிடைத்தது. கண்டுபிடித்தது யார் தெரியுமா? ஒரு மாணவன்! 1880ஆம் ஆண்டில் எருசலேமில் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த ஜேக்கப் எலியாகு என்ற சிறுவன், அந்தச் சுரங்கத் தண்ணீரில் இறங்கிப் போனபோது பாறைச் சுவரில் எழுத்துகளைக் கண்டான். தன் ஆசிரியரிடம் வந்து சொன்னான். பழைய எபிரெய எழுத்தில் ஆறு வரி. இரண்டு குழுவும் நெருங்கி வந்தபோது பாறைக்கு அந்தப் பக்கமிருந்து ஒருவரை ஒருவர் கூப்பிடும் சத்தம் கேட்டது, உளிக்கு எதிராக உளி மோதியது, ஊற்றிலிருந்து குளத்துக்குத் தண்ணீர் ஓடியது என்று அது சொல்கிறது. கவனியுங்கள். அதில் அரசனின் பெயர் இல்லை, ஆண்டு இல்லை, வெற்றிப் பெருமை இல்லை. பாறை வெட்டியவர்களின் வேலையும் மகிழ்ச்சியும் மட்டுமே இருக்கின்றன. வேதம் அரசனைச் சொன்னது. கல் உழைப்பாளியைச் சொன்னது. இரண்டையும் கேட்டவருக்கே முழுக் கதை கிடைக்கிறது.

அந்தக் கல்வெட்டு இன்று எருசலேமில் இல்லை. அதைப் பாறையிலிருந்து பெயர்த்தெடுத்தார்கள்; அப்போது அது உடைந்தும் போயிற்று. அன்றைய ஆட்சி உதுமானியருடையது என்பதால் அது இஸ்தான்புல் அருங்காட்சியகத்துக்குப் போனது.

இனி அந்த முற்றுகையையே பாருங்கள். கி.மு. 701. அசீரிய மன்னன் சனகெரிப் யூதாவுக்குள் நுழைகிறான். எருசலேமுக்குத் தென்மேற்கே லாகீஸ் என்ற கோட்டை நகரம். அங்கே போனால் சனகெரிபின் படை மதிலை எட்டுவதற்காகக் கல்லைக் குவித்துக் கட்டிய முற்றுகைச் சரிவை இன்றும் காணலாம். அந்தப் போரையே தன் நினிவே அரண்மனைச் சுவரில் சனகெரிப் சிற்பமாகச் செதுக்கிவைத்தான். அந்தச் சிற்பப் பலகைகள் இப்போது லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன. சரிவில் ஏறும் போர்க்கருவிகள், மதிலிலிருந்து எறியப்படும் தீப்பந்தங்கள், மாட்டு வண்டியில் குழந்தைகளோடு சிறைபிடித்துக் கொண்டுபோகப்படும் குடும்பங்கள், எல்லாம் அதில் உண்டு.

சனகெரிப் களிமண் பட்டகங்களிலும் தன் கதையை எழுதினான். யூதாவின் அரணான 46 நகரங்களைப் பிடித்ததாகவும் எசேக்கியாவைக் கூண்டுப் பறவை போல எருசலேமில் அடைத்துவைத்ததாகவும் சொல்கிறான். ஆனால் எருசலேமைப் பிடித்தேன் என்று சொல்லவில்லை. வேதமும் எருசலேம் விழவில்லை என்றே சொல்கிறது. எசேக்கியா செலுத்திய கப்பத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். பொன் 30 தாலந்து என்று வேதம் சொல்கிறது. அசீரியனும் 30 என்கிறான். வெள்ளி 300 தாலந்து என்கிறது வேதம். 800 என்கிறான் அசீரியன். பொன்னில் ஒத்துப்போகிறார்கள்; வெள்ளியில் வேறுபடுகிறார்கள். ஏன்? பெருமைக்காகக் கூட்டிச் சொன்னானா? எடைக்கல் வேறா? இதுதான் மாணவர் உட்கார்ந்து விவாதிக்க வேண்டிய இடம். ஒத்துப்போகும் இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வேறுபடும் இடத்தை மறைத்தால் நாம் எந்தச் சாட்சியையும் கேட்டவர்கள் ஆகமாட்டோம்.

இரண்டாவது கேள்வி. காலுக்குக் கீழே என்ன?

அந்த நாட்டில் வழியெங்கும் மேல் தட்டையான மேடுகளைக் காண்பீர்கள். மேட்டை அங்கே தெல் என்கிறார்கள். மெகிதோ ஒரு தெல். ஆத்சோர் ஒரு தெல். லாகீஸ் ஒரு தெல். அவை இயற்கையான குன்றுகள் என்று நினைத்துக் கடந்துவிடாதீர்கள். ஒரே இடத்தில் ஊர் கட்டுகிறார்கள். அது எரிகிறது அல்லது இடிகிறது. அதன்மேலேயே அடுத்த தலைமுறை மண்ணைச் சமன் செய்து மறுபடியும் கட்டுகிறது. நம் பழைய வீட்டுச் சுவரைச் சுரண்டினால் ஒவ்வொரு பொங்கலுக்கும் அடித்த வெள்ளை அடுக்கடுக்காக உதிர்வதைப் பார்த்திருப்பீர்கள். அப்படித்தான் ஊர்கள் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்து மேடாயின. மெகிதோவில் மட்டும் இருபதுக்கும் மேற்பட்ட ஊர்கள் ஒன்றின்கீழ் ஒன்றாகக் கிடக்கின்றன.

இந்த மேட்டை எப்படிப் படிப்பது என்று பாலஸ்தீன மண்ணில் முதலில் காட்டியவர் பிளிண்டர்ஸ் பீட்ரி. 1890இல் தெல் எல்-ஹெசி என்ற மேட்டை ஆராய்ந்தபோது, ஒவ்வோர் அடுக்கிலும் கிடைக்கும் பானை ஓடுகளின் வடிவமும் மாறுகிறது என்று காட்டினார். அதன்பின் பானை ஓடே காலக்கணக்கு ஆயிற்று. அரசனின் கிரீடம் கிடைக்காவிட்டாலும் ஏழையின் உடைந்த பானை ஆண்டைச் சொல்லிவிடும்!

கப்பர்நகூமுக்குப் போனால் இந்தப் பாடத்தைக் கண்ணாலேயே படிக்கலாம். கலிலேயாக் கடற்கரையில் வெண்சுண்ணாம்புக் கல்லால் கட்டிய அழகான ஜெப ஆலயம் நிற்கிறது. “இயேசு இங்கேதான் போதித்தார்” என்று சிலர் அந்த வெண்தூண்களைத் தொட்டுக் கும்பிடுவார்கள். நீங்கள் குனிந்து அடித்தளத்தைப் பாருங்கள். வெள்ளைச் சுவருக்குக் கீழே கருங்கல் வரிசை ஒன்று தெரியும். வெள்ளை ஆலயம் இயேசுவின் காலத்துக்குச் சில நூற்றாண்டுகள் பிந்தியது. அந்தக் கறுப்புக் கற்கள் அதற்கு முந்திய கட்டடத்தவை என்றும், முதல் நூற்றாண்டு ஆலயத்தவையாக இருக்கலாம் என்றும் அகழ்ந்தவர்கள் கருதுகிறார்கள். ஊரின் மற்ற வீடுகளும் அதே கறுப்புக் கல்தான். மீனவர் ஊர், பக்கத்தில் கிடைத்த கல்லில் கட்டினார்கள். பளபளப்பை விட்டுக் கீழே பார்க்கத் தெரிந்தவருக்கே பேதுருவின் ஊர் தெரியும்.

இனி, இரண்டாவது கேள்வியின் கடினமான பாடத்துக்கு வருகிறேன். எரிகோ.

எரிகோவின் மதில் விழுந்த கதையை ஞாயிறு பள்ளியிலேயே பாடியிருப்பீர்கள். 1930களில் ஜான் கார்ஸ்டாங் அங்கே அகழ்ந்தார். விழுந்த மதிலைக் கண்டேன், இது யோசுவா காலத்து மதில் என்றார். உலகம் கொண்டாடியது. பிறகு 1952 முதல் 1958 வரை கேத்லீன் கென்யன் என்ற அம்மையார் அதே மேட்டை அடுக்கு அடுக்காகப் பிரித்துப் படித்தார். அவருடைய முடிவு வேறாக இருந்தது. கார்ஸ்டாங் காட்டிய மதில் அவர் நினைத்ததைவிட ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு பழமையானது. யோசுவாவின் காலம் என்று பொதுவாகக் கருதப்படும் காலத்தில் அங்கே மதிலோடு கூடிய பெரிய நகரம் இருந்ததற்குச் சான்று இல்லை என்றார். இந்தக் கென்யன் யாருடைய மகள் தெரியுமா? வேதாகமக் கையெழுத்துப் பிரதிகளை ஆராய்வதில் பேர்பெற்ற சர் பிரெட்ரிக் கென்யனுடைய மகள்!

அந்த அம்மையார் வேறொன்றையும் கண்டார். கல்லால் கட்டிய ஒரு கோபுரம். உயரம் 8.5 மீட்டர். உள்ளே மேலேறும் படிகள் இருபத்திரண்டு. வயதோ ஏறக்குறைய பத்தாயிரம் ஆண்டு. அந்தப் பகுதி மக்கள் பானை செய்யவே அறியாத காலத்தில் கட்டியது. மதிலைத் தேடிப் போன இடத்தில், மனித குலம் ஊர் கூடி வாழத் தொடங்கிய காலமே கிடைத்தது. 2023இல் யுனெஸ்கோ பழைய எரிகோவை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

மாணவர்களே, இங்கேதான் உங்களுக்குச் சோதனை. நாம் விரும்பியதை மண் சொல்லாதபோது என்ன செய்வது? காதைப் பொத்திக்கொள்வதா? வேதத்தை மூடிவைப்பதா? இரண்டும் மாணவருக்கு அழகில்லை. கென்யன் சொன்னதை முழுவதும் படியுங்கள். அவரோடு உடன்படாதவர்கள் சொல்வதையும் படியுங்கள். யோசுவாவின் புத்தகம் எப்போது, எவருக்காக எழுதப்பட்டது என்று கேளுங்கள். உண்மைக்கு அஞ்ச வேண்டிய விசுவாசம் எதுவும் இல்லை என்பது என் உறுதியான நம்பிக்கை. மண்ணைப் பொய் சொல்ல வைத்து வேதத்தைக் காப்பாற்ற வேண்டிய அவசியம் கடவுளுக்கு இல்லை.

கென்யனைப் பற்றிப் பேசும்போது நம் மண்ணையும் ஒரு நிமிடம் நினைக்க வேண்டும். நிலத்தைச் சதுரம் சதுரமாகப் பிரித்து, நடுவில் வெட்டாத மண்சுவரை விட்டு, அந்தச் சுவரின் முகத்தில் அடுக்குகளைப் படிக்கும் முறையைக் கென்யன் கற்றது மார்ட்டிமர் வீலரிடம். அதே வீலர்தான் இந்தியத் தொல்லியல் துறையின் தலைவராக வந்து 1945இல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டை அகழ்ந்தார். ரோமாபுரியின் மட்பாண்டங்கள் கிடைத்த அதே அரிக்கமேடு. அங்கே கற்பித்த பாடமும் எரிகோவில் நடந்த பாடமும் ஒரே பள்ளியின் பாடம். ஆகவே எரிகோவின் வெட்டுக்குழி ஓரத்தில் நிற்கும்போது அந்நியமாக உணராதீர்கள்.

மூன்றாவது கேள்வி. இது எப்படித் தெரிந்தது?

வழிகாட்டி ஒரு கல்லைக் காட்டுவார். “இது இன்னாருடையது” என்பார். நீங்கள் பணிவோடு கேளுங்கள்: “ஐயா, இது எங்கே கிடைத்தது? யார் எடுத்தார்கள்? எந்த அடுக்கில் இருந்தது?” இந்தக் கேள்விக்குப் பதில் இருந்தால் அது சான்று. பதில் இல்லையென்றால் எவ்வளவு அழகானதானாலும் அது வெறும் பொருள்.

வடகோடியில் தாண் என்ற ஊர். 1993இல் அவ்ரகாம் பிரானின் குழு அங்கே அகழ்ந்துகொண்டிருந்தது. அளவையாளராக வேலை செய்த கிலா குக் என்ற பெண்மணி, ஒரு சுவரில் வைத்துக் கட்டப்பட்டிருந்த கருங்கல்லில் எழுத்து இருப்பதைக் கண்டார். அரமேய மொழியில் ஓர் எதிரி அரசன் செதுக்கிய வெற்றிக் கல்வெட்டின் துண்டு அது. அதில் தாவீதின் வீடு என்று யூதாவின் அரச வம்சம் குறிக்கப்படுகிறது என்று பெரும்பாலான அறிஞர்கள் படிக்கிறார்கள். கி.மு. 9ஆம் நூற்றாண்டு. தாவீது கற்பனைப் பாத்திரமோ என்று சிலர் கேட்டுக்கொண்டிருந்த காலத்தில் கிடைத்த கல். அது சந்தையில் வாங்கியதாக இருந்திருந்தால் போலி என்ற சந்தேகம் கடைசிவரை ஓயாது. அகழ்வில், கட்டப்பட்ட சுவரில், அத்தனை பேர் கண்முன்னே கிடைத்தது. அதனால்தான் அதற்கு மதிப்பு.

மத்தியதரைக் கடலோரம் செசரியா. ஏரோது கட்டிய துறைமுக நகரம். 1961இல் இத்தாலியக் குழு அங்கே நாடக அரங்கைத் தோண்டியபோது, படிக்கட்டாகத் திருப்பிப் போட்டிருந்த ஒரு கல்லில் பொந்தியு பிலாத்துவின் பெயர் இருந்தது. இயேசுவுக்குத் தீர்ப்புச் சொன்ன ஆளுநனின் பெயர், அவன் காலத்துக் கல்லிலேயே! பின்வந்தவர்களுக்கு அவன் யாரென்றே நினைவில்லை. மிதித்து ஏறும் படிக்கு ஒரு கல்லானான்.

எருசலேமில் இன்னோம் பள்ளத்தாக்கின் தோளில் கேதேப் இன்னோம் என்ற இடம். 1979இல் பேராசிரியர் கபிரியேல் பார்க்காய் அங்கே பழைய கல்லறைக் குகைகளை ஆராய்ந்தார். அவருக்கு உதவ வந்தவர்கள் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள். அதில் ஒரு சிறுவன் ஓயாமல் தொந்தரவு செய்பவன். அவனை ஓரிடத்தில் உட்காரவைப்பதற்காக, ஒரு குகையின் மூலையைச் சுத்தம் செய்யச் சொல்லி அனுப்பினார். அவன் கையில் சுத்தியல். சலித்துப்போய்த் தரையில் தட்டினான். தரை உடைந்தது! கூரை இடிந்து மூடியதால் கொள்ளையர் கண்ணில் படாமல் தப்பியிருந்த அறை அது. உள்ளே நூற்றுக்கணக்கான பொருள்கள். அவற்றில் இரண்டு சிறிய வெள்ளிச் சுருள்கள். பெரியது விரித்தபின் பத்து சென்டிமீட்டர்கூட இல்லை. பொடிந்துவிடாமல் விரிக்கவே மூன்று ஆண்டு ஆயிற்று. விரித்தபோது அதில் எண்ணாகமத்தில் ஆசாரியர் கூறும் ஆசீர்வாத வாக்கியங்கள் கீறப்பட்டிருந்தன. சவக்கடல் சுருள்களைவிடச் சில நூறு ஆண்டு முந்தியது. இன்றுவரை கிடைத்த வேதவாக்கியங்களில் மிகப் பழையது இதுதான்.

சவக்கடல் சுருள்களைக் கண்டதும் ஆடு மேய்த்த இளைஞர்கள்தான். சீலோவாம் கல்வெட்டைக் கண்டது பள்ளிச் சிறுவன். வெள்ளிச் சுருளுக்கு வழிவிட்டது குறும்புக்காரப் பையன். இளையவர்களின் கண் கூர்மையானது. ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். அந்தப் பையன் தட்டியதும் பார்க்காய் மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு, ஒவ்வொரு பொருளும் கிடந்த இடத்தைக் குறித்து, அளந்து, படமெடுத்து வெளியே கொண்டுவந்தார். கண்டவன் கண்ணுக்குப் பதிந்தவர் கை துணை நின்றது.

இதற்கு நேர்மாறான கதையும் கேளுங்கள். 1868இல் இன்றைய யோர்தானில் திபான் என்ற இடத்தில் மோவாபிய அரசன் மேசாவின் கல்வெட்டு வெளிச்சத்துக்கு வந்தது. இஸ்ரவேலின் உம்ரி அரசனைப் பெயர் சொல்லிக் குறிப்பிடும் கல். வெளிநாட்டார் பலர் அதற்குப் போட்டியிட்டார்கள். ஆட்சியாளர்களின் நெருக்கடியும் சேர்ந்தது. கடைசியில் அங்கிருந்த பழங்குடியினர் கல்லைச் சூடாக்கித் தண்ணீர் ஊற்றி உடைத்துவிட்டார்கள். முன்பே காகிதத்தில் எடுத்துவைத்த படி இருந்ததால் வாசகம் தப்பியது. ஒட்டவைத்த கல் பாரிஸில் லூவரில் இருக்கிறது. பேராசை எங்கே நுழைகிறதோ அங்கே சான்று உடைகிறது.

ஆகவே உங்களிடம் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். எருசலேம் கடைத்தெருவில் பழங்காசு, பழம்விளக்கு என்று விற்பார்கள். வாங்காதீர்கள். மேட்டில் ஒரு பானை ஓடு காலில் இடறினால் எடுத்துப் பையில் போடாதீர்கள். நீங்கள் எடுக்கும் ஒவ்வோர் ஓடும் அடுத்த தலைமுறை படிக்க வேண்டிய ஒரு பக்கம்.

கலிலேயாக் கடலோரத்தில் ஒரு பழைய படகைக் காண்பீர்கள். 1986இல் வறட்சியால் ஏரி நீர் உள்வாங்கியபோது இரண்டு மீனவச் சகோதரர்கள் சேற்றில் அதன் விளிம்பைக் கண்டார்கள். நீளம் ஏறக்குறைய 8 மீட்டர். வயது ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டு. நீர் மறுபடியும் ஏறுவதற்குள் பன்னிரண்டு நாளில் தோண்டி எடுத்தார்கள். இயேசு ஏறிய படகு என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. அப்படிச் சொல்லவும் வேண்டாம். அருகே போய் அதன் மரத்தைப் பாருங்கள். ஒரே மரத்தில் செய்தது இல்லை. பல வகை மரத்துண்டுகள், பழைய படகிலிருந்து பிரித்தெடுத்த பலகைகள், ஒட்டுமேல் ஒட்டு. புது மரம் வாங்க வழியில்லாத மீனவர் ஒருவர் தன் படகைத் திரும்பத் திரும்பச் செப்பனிட்டு ஓட்டியிருக்கிறார். வலைகளை விட்டுவிட்டுப் பின்தொடர்ந்தவர்கள் எத்தகைய வறுமையின் நடுவே எதை விட்டு வந்தார்கள் என்று அந்த ஒட்டுகள் சொல்லும்.

நான்காவது கேள்வி. இன்று இங்கே வாழ்பவர் யார்?

நாம் பழங்காலத்தைத் தேடிப் போகிறோம். ஆனால் அங்கே இன்றும் மக்கள் வாழ்கிறார்கள். கீகோன் ஊற்றைச் சுற்றிச் சில்வான் என்ற பாலஸ்தீனக் குடியிருப்பு இருக்கிறது. வீடுகளுக்கு அடியிலேயே அகழாய்வு நடப்பது அங்கே கசப்பான வழக்கு. பெத்லகேமும் எரிகோவும் பாலஸ்தீனப் பகுதியில் உள்ளன. இயேசு ஞானஸ்நானம் பெற்ற இடமென்று 2015இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த அல்-மக்தாஸ் யோர்தானில் இருக்கிறது. காசாவில் புனித இலாரியோனின் பழமையான மடத்தை, 2024இல் போர் நடக்கும்போதே உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் ஆபத்தில் உள்ள சின்னங்களின் பட்டியலிலும் சேர்த்தார்கள். 2023 அக்டோபரில் தொடங்கிய போர் எத்தனை உயிர்களைப் பறித்தது, எத்தனை குடும்பங்களைச் சிதைத்தது என்று நாம் அறிவோம். கல்லுக்காகக் கண்ணீர் விடுபவர் மனிதருக்காகவும் கண்ணீர் விட வேண்டும். யூத வழிகாட்டி சொல்வதைக் கேளுங்கள். பெத்லகேமின் அரபுக் கிறிஸ்தவர் சொல்வதையும் கேளுங்கள். இரண்டு சாட்சிகளையும் கேட்க வேண்டும் என்ற விதி உயிரோடிருப்பவர்களுக்கும் பொருந்தும்.

அன்பானவர்களே, இனிச் செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

புறப்படும் முன் படியுங்கள். பார்க்கப்போகும் ஒவ்வோர் இடத்துக்கும் உரிய வேதப்பகுதியையும் ஓர் அகழாய்வு அறிக்கையின் சுருக்கத்தையும் படித்துவிட்டுப் போங்கள். குழுவில் ஆளுக்கோர் ஊரை ஏற்றுக்கொள்ளுங்கள். அந்த ஊரில் அவர்தான் மற்றவர்களுக்கு ஆசிரியர். அங்கே இருக்கும்போது கைபேசியைவிட நோட்டுப் புத்தகத்தை அதிகம் திறவுங்கள். ஒரு மதிலை வரைந்து பார்த்தால்தான் அதன் வாசல் எங்கே திரும்புகிறது என்று தெரியும். இடங்களைக் குறையுங்கள், நேரத்தைக் கூட்டுங்கள்.

வாய்ப்புக் கிடைத்தால் சில நாள் அகழாய்வில் மண் அள்ளுங்கள். பல அகழாய்வுகள் மாணவத் தன்னார்வலர்களால்தான் நடக்கின்றன. வெயில் ஏறுமுன், விடியுமுன் குழியில் இறங்க வேண்டும். ஐந்து மீட்டர்ச் சதுரம். கையில் கரணை, தூரிகை, வாளி. ஒவ்வொரு வாளி மண்ணுக்கும் சீட்டு. பிற்பகலில் பானை ஓடுகளைக் கழுவிக் காயவைக்க வேண்டும். மாலையில் ஆசிரியர் ஒவ்வோர் ஓட்டையும் கையில் எடுத்து, விளிம்பைத் தடவி, இது இன்ன காலம் என்று சொல்வார். ஒரு வாரம் அப்படி உழைத்தவருக்கு, வரலாற்று நூலில் வரும் ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் எத்தனை பேருடைய முதுகுவலி இருக்கிறது என்று புரியும்.

போக முடியாத மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. பணம் இல்லாமல் இருக்கலாம், போர் தடுக்கலாம். கற்பதை அது தடுக்காது. சவக்கடல் சுருள்களில் ஏசாயா நூல் முழுவதையும் கொண்ட 7 மீட்டருக்கும் மேற்பட்ட நீளமுள்ள சுருளை, எருசலேம் அருங்காட்சியகம் 2011 முதல் இணையத்திலேயே எழுத்து எழுத்தாகப் பார்க்கத் தந்திருக்கிறது. மண்ணடுக்கைப் படிக்க வேண்டுமா? அரிக்கமேடு பேருந்து தூரத்தில் இருக்கிறது. அங்கே போய் இதே நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

கல்லூரி நிர்வாகத்தாரிடமும் சபைப் பெரியோரிடமும் ஒரு வேண்டுகோள். இந்தப் பயணம் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளின் பயணமாக முடிந்துவிடக் கூடாது. ஒவ்வொரு குழுவிலும் கட்டணம் கட்ட இயலாத சில மாணவர்களுக்கு இடம் ஒதுக்குங்கள். வேதம் படிக்கும் மாணவரோடு வரலாறு படிக்கும் மாணவரையும் அனுப்புங்கள். கிறிஸ்தவர் அல்லாத மாணவருக்கும் கதவைத் திறந்துவையுங்கள். கேள்வி கேட்க எல்லோருக்கும் உரிமை உண்டு. எல்லோருடைய கேள்வியும் நமக்கு வேண்டும்.

மாணவச் செல்வங்களே, நல்லபடியாகப் போய் வாருங்கள். கேளுங்கள், அளந்து பாருங்கள், எழுதி வையுங்கள். திரும்பி வந்ததும் இதே மேடையில் ஏறி, நீங்கள் நம்பிப் போனதில் எது உறுதியாயிற்று, எது மாறிற்று என்று ஒளிக்காமல் எங்களுக்குச் சொல்லுங்கள். கேட்க நாங்கள் காத்திருப்போம்.